பல் எக்ஸ்ரேயில் பெயர் தேடுவது: கணினியால் எது முடியும், மதுரையில் எது இல்லை

‘சுமார் 50 வயது மதிக்கத்தக்க ஆண். மாநிறம். கட்டம் போட்ட லுங்கி. யார், எந்த ஊர் என்று தெரியவில்லை.’ நாளிதழ்களின் மதுரைப் பக்கத்தில் இந்த வகைச் செய்தி அடிக்கடி கண்ணில் படும். உடல் கிடைத்த இடம் மட்டும் மாறும்: தண்டவாளத்தோரம், வைகைக் கரை, பேருந்து நிலையம், கோயிலைச் சுற்றிய தெரு. பெரியாஸ்பத்திரி என்று ஊர் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையின் பிணவறையில் அந்த உடல் உறவினருக்காகக் காத்திருக்கும். யாரும் வராவிட்டால் அடக்கம் செய்துவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், பல் எக்ஸ்ரேயை வைத்தே இறந்தவர் யார் என்று செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும் என்ற செய்திகளும் வந்தபடி இருக்கின்றன. இரண்டையும் படிப்பவருக்கு, அந்தக் கருவியை இங்கே கொண்டுவந்தால் என்ன என்று தோன்றுவது நியாயம்.

தொழில்நுட்பம் உண்மையானதுதான். ஆனால் அது ஒப்பிடும் கருவி; ஒப்பிட இரண்டு படங்கள் வேண்டும். இறந்த பின் எடுக்கும் படத்தை எப்படியும் எடுத்துவிடலாம். உயிரோடு இருந்தபோது எடுத்த படம் எங்கே என்பதில்தான் மதுரையில் காரியம் தடைபடுகிறது. அது ஏன் என்று புரிய, பல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

பல்லை ஏன் நம்புகிறார்கள்?

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். மனித உடலில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. உடல் அழுகினாலும், நீரில் ஊறினாலும் பல் நிற்கும். தீயில் பல்லின் மேற்பகுதி வெடித்துச் சிதறலாம். அப்போதும் தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும் வேர் பெரும்பாலும் தப்பிவிடும்.

பேரிடர்களில் இறந்தவர்களை அடையாளம் காண இண்டர்போல் அமைப்பு மூன்றை முதன்மைச் சான்றுகளாக வைத்திருக்கிறது: கைரேகை, பல், டி.என்.ஏ. உடை, மச்சம், பச்சை, தாயத்து, பையில் இருந்த டிக்கெட் எல்லாம் துணைச் சான்றுகள். நம் ஊரில் இன்னும் பெரும்பாலும் இந்தத் துணைச் சான்றுகளை வைத்தே வேலை நடக்கிறது. உறவினர் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்வதும் அதோடு சேர்ந்து நடக்கிறது. அழுது வீங்கிய கண்ணோடு, சிதைந்த முகத்தைப் பார்த்து ஒருவர் சொல்லும் அடையாளம் தவறிப்போக எவ்வளவோ இடமுண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது.

மற்ற இரண்டு முதன்மைச் சான்றுகள் போதாதா? நடைமுறையில் இரண்டிலும் தடை இருக்கிறது.

1. கைரேகை: தோல் அழுகினால் ரேகை போய்விடும். ரேகை கிடைத்தாலும், தேசிய அளவிலான போலீஸ் தொகுப்பில் இருப்பவை குற்ற வழக்குகளில் பதிவானவர்களின் ரேகைகள்தான். எல்லோருடைய ரேகையும் ஆதாரில் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கைரேகையையும் கருவிழிப் பதிவையும் யாரோடும் எந்தக் காரணத்துக்காகவும் பகிரக்கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. ஆதாரின் அன்றாடச் சரிபார்ப்பும் ‘இந்த எண்ணுக்குரிய ரேகை இதுவா’ என்று கேட்கும் முறை. எண்ணே தெரியாத உடலுக்கு அது உதவாது.

2. டி.என்.ஏ.: ஒப்பிட ரத்த உறவில் ஒருவர் வேண்டும். யார் என்றே தெரியாதபோது யாரை வரச் சொல்வது?

பல்லின் வரலாறு பழையது. 1897 மே மாதம் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் தீப்பிடித்துச் சுமார் 125 பேர் இறந்தார்கள். கருகிய உடல்கள் சிலவற்றை யாராலும் சொல்ல முடியாத நிலையில், பல் வைத்தியர்களை அழையுங்கள் என்று பராகுவே நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் யோசனை சொன்னார். அவர்கள் தம் குறிப்பேடுகளோடு வந்து, ஒரு சீமாட்டி உட்படப் பலரை அடையாளம் காட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டுப் பயணிகள் பலருக்குப் பெயர் கிடைத்ததும் பற்களால்தான். அந்த இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் பலருக்கு ஒரு பல் மருத்துவர் இருந்தார், அவரிடம் ஒரு பதிவு இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மருத்துவர் கண்ணால் ஒப்பிடும் முறை

கணினி புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. தடயவியல் பல் மருத்துவர் செய்வதைத்தான் வேகமாகச் செய்யப் பார்க்கிறது. ஆகவே அந்த வேலையை முதலில் பார்ப்போம்.

வளர்ந்தவருக்கு 32 பற்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்க எண் உண்டு: வலது மேல்தாடை 11 முதல் 18, இடது மேல் 21 முதல் 28, இடது கீழ் 31 முதல் 38, வலது கீழ் 41 முதல் 48. ஒரு பல்லுக்கு ஐந்து பக்கம். எந்தப் பல் இல்லை, எதில் சொத்தையை அடைத்திருக்கிறது, எதற்கு ரூட் கேனால் செய்து கேப் போட்டிருக்கிறது, தெத்துப்பல் எது, கடவாய்ப் பல்லின் வேர் எப்படி வளைந்திருக்கிறது, ஞானப் பல் எலும்புக்குள் படுத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். இதோடு எக்ஸ்ரேயில் மட்டும் தெரிபவை உண்டு: வேரின் நுனி, பல்லுக்குள் ஓடும் கூழின் வடிவம், மேல்தாடைக் குழிவின் எல்லைக் கோடு.

எக்ஸ்ரேக்களில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். வாய்க்குள் சிறு ஃபிலிமோ சென்சாரோ வைத்து மூன்று நான்கு பற்களை மட்டும் எடுப்பது ஒன்று. தலையைச் சுற்றி இயந்திரம் வந்து இரு தாடைகளையும் ஒரே நீளப் படமாகத் தருவது மற்றொன்று, ஓ.பி.ஜி. என்று ஸ்கேன் சென்டர்களில் சொல்வது இதைத்தான்.

ஒப்பிடும்போது வேறுபாடுகள் வரத்தான் செய்யும். அவற்றை எப்படிப் படிப்பது என்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது. காலம் ஒரே திசையில் ஓடுவதால் பல்லில் நடக்கும் மாற்றமும் ஒரே திசையில்தான் நடக்கும்.

1. உயிரோடு இருந்தபோது, உதாரணமாக 2018-இல், எடுத்த படத்தில் இருந்த பல், சடலத்தில் இல்லை. நடக்கக்கூடியதே, இடையில் பிடுங்கியிருக்கலாம்.

2. 2018 படத்தில் இல்லாத நிரந்தரக் கடவாய்ப் பல், சடலத்தில் வேரோடு இருக்கிறது. பிடுங்கிய பல் முளைக்காது. எலும்புக்குள் முளைக்காமல் இருந்த பல் அல்ல என்று உறுதியானால், ஆள் வேறு.

3. அன்று அடைத்திருந்த பல் இன்று அடைப்பின் சுவடே இல்லாமல் முழுசாக இருக்கிறது. ஆள் வேறு.

4. அன்று அடைப்பு இல்லை, இன்று இருக்கிறது. பிறகு அடைத்திருக்கலாம்.

அதாவது, பத்துப் பொருத்தம் இருந்தாலும் விளக்க முடியாத ஒரே ஒரு வேறுபாடு அத்தனையையும் தள்ளிவிடும். அமெரிக்கத் தடயவியல் பல் மருத்துவ வாரியம் முடிவை நான்கு படிகளாகச் சொல்லச் சொல்கிறது: இவரேதான், இவராக இருக்கலாம், முடிவு சொல்லச் சான்று போதாது, இவர் இல்லை. இத்தனை புள்ளிகள் பொருந்தினால் போதும் என்ற எண்ணிக்கை விதி கிடையாது. அபூர்வமான ஒரு வேர் வடிவமும் அதில் தனித்த ஒரு அடைப்பும் சேர்ந்தால், ஒற்றைப் பல்லே பேசிவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். குற்ற வழக்குகளில் அடிபடும் ‘கடித்த தடம்’ பற்றிய ஆய்வு வேறு, இது வேறு. தோலில் பதிந்த தடத்தை வைத்துக் கடித்தவர் யார் என்று சொல்லும் முறைக்குப் போதிய அறிவியல் அடித்தளம் இல்லை என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வரைவு அறிக்கையில் கூறியது. பல்லின் எக்ஸ்ரேயை அதே பல்லின் எக்ஸ்ரேயோடு ஒப்பிடும் முறைக்கு அந்தக் குறை பொருந்தாது.

கணினி அதையே எப்படிச் செய்கிறது?

எக்ஸ்ரே என்பது கணினிக்குக் கருப்பு முதல் வெள்ளை வரை எண்களாக நிரம்பிய ஒரு கட்டம், அவ்வளவுதான். அதிலிருந்து ‘இவர்’ என்ற இடத்துக்கு நான்கு படிகளில் வருகிறது.

1. பிரித்தெடுப்பது. பல் எது, எலும்பு எது, அடைப்பு எது என்று எல்லை வரைகிறது. 2004-இல் அனில் ஜெயின், ஹாங் சென் என்ற ஆய்வாளர்கள் பல்லின் வெளிக்கோட்டை எடுத்து ஒப்பிடும் முறையைச் சொன்னபோது, மங்கலான படம் பெரிய தடையாக இருந்தது. 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘யூ-நெட்’ என்ற நரம்பு வலைப்பின்னல் (எடுத்துக்காட்டுப் படங்களைப் பார்த்துத் தானே பழகும் மென்பொருள்) இந்த வேலையை வெகுவாக எளிதாக்கியது. இன்று மருத்துவப் படங்களில் உறுப்புகளைப் பிரிக்க உலகெங்கும் அதன் வழிவந்த மென்பொருள்கள் ஓடுகின்றன.

2. எண் இடுவது. பிரித்த ஒவ்வொரு பல்லுக்கும் 11, 12 என்று எண் கொடுக்கிறது. இங்கே தவறினால் பின்னால் எல்லாம் தவறும். பல பற்கள் இல்லாத வாயில் இது அடிக்கடி தடுமாறும்.

3. சுருக்கக் குறிப்பு எடுப்பது. இதில் இரண்டு வழி. படத்தில் தனித்துத் தெரியும் நூற்றுக்கணக்கான முனைகளையும் விளிம்புகளையும் பொறுக்கி, ஒவ்வொன்றின் சுற்றுப்புறத்தையும் எண்களாகப் பதிவது பழைய வழி. பயிற்சி பெற்ற வலைப்பின்னல் முழுப் படத்தையும் ஒரே எண்வரிசையாகச் சுருக்குவது புதிய வழி; ஒரே ஆளின் இரண்டு படங்களுக்கு அருகருகே விழும் எண்வரிசையும், வேறு ஆட்களின் படங்களுக்குத் தள்ளி விழும் எண்வரிசையும் வருமாறு அதைப் பழக்குவார்கள்.

4. வரிசைப்படுத்துவது. தொகுப்பில் உள்ள எல்லாப் படங்களோடும் ஒப்பிட்டு, மிக நெருக்கமானதை முதலில் வைத்து ஒரு பட்டியல் தருகிறது.

கணினியின் வேலை நான்காவது படியோடு முடிகிறது. பட்டியலில் உள்ள படங்களை எடுத்து, மேலே சொன்ன கால விதியை வைத்துப் பார்த்து முடிவு எழுதுவது மனிதர். ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் புரட்டும் உழைப்பைக் கணினி மிச்சப்படுத்துகிறது. அது சின்ன உதவி அல்ல.

ஆய்வகமும் பிணவறையும்

ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 15 ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்த 61,000-க்கும் அதிகமான ஓ.பி.ஜி. படங்களில், தேர்ந்தெடுத்த 43 பேரின் படங்களை வைத்துத் தேடினார்கள். 12 ஆண்டு இடைவெளி இருந்த படங்கள்கூடச் சரியான ஆளையே காட்டின. பற்களில் மாட்டிய கிளிப்பைக் கழற்றிய பிறகு எடுத்த படமும் பொருந்தியது. முடிவு 100 சதவீதம் சரி.

அந்த 100 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தேடிய படமும் தேடப்பட்ட படமும் நோயாளிகளுக்கு எடுத்தவை. இயந்திரத்தின் முன் நின்று, தாடையைத் தாங்கியில் வைத்து, அசையாமல் இருந்த மனிதர்கள். தேடிய ஆள் தொகுப்பில் இருப்பதும் உறுதி.

பிணவறையில் இவை எதுவும் அப்படியே கிடைக்காது. சடலம் ஓ.பி.ஜி. இயந்திரத்தின் முன் நிற்காது. வாய்க்குள் சென்சார் வைத்துச் சிறு படங்கள்தான் எடுக்க வேண்டும். இறந்த சில மணி நேரத்தில் தாடை இறுகிவிடும். நம் வெயிலில் இறுக்கம் சீக்கிரம் தளரும், அதே வேகத்தில் அழுகலும் தொடங்கும். அழுகிய உடலில் ஒற்றை வேர் உள்ள முன்பற்கள் தாமாகக் கழன்று விழும். அப்போது படத்தில் பல் இருந்த குழி கூரான ஓரத்தோடு காலியாகத் தெரியும். வாழும்போது பிடுங்கியிருந்தால் அந்தக் குழி எலும்பால் நிரம்பியிருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் இந்த வேறுபாட்டைப் பார்த்ததும் சொல்வார். நோயாளிகளின் படங்களில் மட்டும் பயின்ற மென்பொருளுக்கு இரண்டுமே ‘பல் இல்லை’தான்.

படம் எடுக்கும் கோணமும் முக்கியம். எக்ஸ்ரே குழாய் சில பாகை சாய்ந்தாலே வேர் நீண்டோ குறுகியோ விழும். அதனால் பழைய படத்தின் கோணத்துக்கு ஏற்பச் சடலத்தில் பலமுறை எடுத்துப் பார்ப்பார்கள். முழுத்தலை சி.டி. எடுத்தால் எந்தக் கோணத்துப் படத்தையும் பின்னால் கணினியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். டெல்லி எய்ம்ஸில் 2021 முதல் உடற்கூறாய்வுக்கு சி.டி. பயன்படுகிறது. மதுரை போன்ற ஊர்களுக்கும் இதுவே சரியான திசை என்று நினைக்கிறேன்.

பட்டியலில் முதல் பெயர் என்றால் அவர்தானா?

மேலே சொன்னவற்றில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. இந்த வகைத் தேடலில் ‘யாருமில்லை’ என்ற பதில் தானாக வராது. தேடும் ஆள் தொகுப்பில் இல்லாவிட்டாலும், இருப்பவர்களில் நெருக்கமான ஒருவரை அது முதலிடத்தில் வைக்கும். இவ்வளவுக்கு மேல் பொருந்தினால்தான் ஏற்க வேண்டும் என்ற வரம்பை மனிதர்தான் வைக்க வேண்டும்.

கணக்குக்காக ஒரு கற்பனை எண்ணை எடுப்போம். ஆயிரத்தில் ஒரு வேற்றாளைத் தவறாகப் ‘பொருந்துகிறார்’ என்று சொல்லும் மென்பொருள். ஒரே ஒருவரோடு ஒப்பிடும்போது அது நல்ல கருவி. ஒரு லட்சம் பேர் உள்ள தொகுப்பில் தேடினால் அதே கருவி சுமார் 100 தவறான பெயர்களைத் தரும்.

இதனால்தான் விபத்துக்கும் தனிச் சடலத்துக்கும் இவ்வளவு வேறுபாடு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் 9 பேர் இறந்தார்கள். ஒரே குழுவாக வந்தவர்கள் என்பதால், யார் யாராக இருக்கக்கூடும் என்ற வட்டம் சிறியது. அத்தகைய நிகழ்வில் சில டஜன் பேரின் பல் பதிவை அவர்கள் ஊரிலிருந்து வரவழைத்தாலே போதும். வைகைக் கரையில் கிடைத்த ஒற்றை உடலுக்கு அப்படி வட்டமே இல்லை.

தவறான பெயர் சூட்டினால் பாதிப்பு இரண்டு குடும்பங்களுக்கு. ஒரு வீட்டில் உயிரோடு இருப்பவருக்குக் கருமாதி நடக்கும், அவரைத் தேடும் வேலை நின்றுபோகும். இன்னொரு வீட்டில் இறந்தவரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். பெயரே கிடைக்காவிட்டாலும் துன்பம் உண்டு: இறப்புச் சான்றிதழ் இல்லை, வாரிசுச் சான்றிதழ் இல்லை, காப்பீட்டுப் பணம் இல்லை. 7 ஆண்டுகளாகத் தகவலே இல்லாத ஒருவர் இறந்துவிட்டதாகக் கொள்ளச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை அவர் மனைவி எந்தப் பட்டியலிலும் விதவை இல்லை.

இரண்டாவது படம் எங்கே?

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை விபத்துகளில் உடல்கள் முகம் தெரியாமல் கருகிப்போவது நமக்குப் பழகிப்போன கொடுமை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். கருகிய உடலில் எஞ்சுவது பல்தான். பல் ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் கூலிக்குப் போகிறவர் வாழ்நாளில் ஓ.பி.ஜி. எடுத்திருக்க வாய்ப்பு குறைவு. பல்வலி வந்தால் கிராம்புத் தைலம், தாங்க முடியாவிட்டால் பிடுங்கிவிடுவது. ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர்கள், தெருவில் வாழ்கிறவர்கள், மனநலம் குன்றி வீட்டைவிட்டுப் போனவர்கள் நிலையும் இதுதான். யார் அடையாளமின்றிச் சாகிறார்களோ அவர்களுக்கே எக்ஸ்ரே இல்லை. பாரிஸிலும் தாய்லாந்திலும் கைகொடுத்த முறை இங்கே அப்படியே கைகொடுக்காததற்குக் காரணம் இந்த ஏழ்மைதான்.

எக்ஸ்ரே எடுத்தவர்களுக்கும் பதிவு நிற்பதில்லை. பல கிளினிக்குகளில் ஃபிலிமை நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அது பீரோவில் மங்கிப்போகும். டிஜிட்டல் படம் என்றால் வாட்ஸ்அப்பில் வரும். அனுப்பும்போது படம் சுருங்கி நுண்விவரம் போய்விடும், எடுத்த தேதியும் நோயாளி விவரமும் கோப்பிலிருந்து பிரிந்துவிடும். மருத்துவப் படங்களுக்கென்று உள்ள டைகாம் வடிவத்தில் மூலக்கோப்பை வைத்திருந்தால் இந்த இழப்பு இருக்காது.

ஆனாலும் கை விரிக்க வேண்டியதில்லை. மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. குறைந்த கட்டணத்தில் ஏழைகள் சிகிச்சைக்குப் போகும் இடங்கள் அவை. அங்கே சேரும் படங்கள் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டால், அதுவே இப்பகுதியின் முதல் தொகுப்பாக அமையும்.

இன்னொரு வழி, சிரிக்கும் புகைப்படம். முன்பற்கள் தெரியும் தெளிவான படத்தில் பல்லின் சாய்வு, இடைவெளி, உடைந்த முனை எல்லாம் பதிந்திருக்கும். அதைச் சடலத்தின் முன்பற்களோடு பொருத்திப் பார்ப்பது உலகில் ஏற்கப்பட்ட முறை. எக்ஸ்ரே இல்லாத வீட்டிலும் இன்று கல்யாண வீட்டு செல்போன் படம் இருக்கிறது. கணினிப் பார்வை ஆய்வுகள் நம் ஊருக்கு அதிகம் உதவக்கூடிய திசை இதுதான் என்பது என் கணிப்பு.

படம் எதுவுமே இல்லாதபோதும் சடலத்தின் எக்ஸ்ரே வீணல்ல. வளரும் பற்களின் நிலையை வைத்துச் சிறுவர் வயதைக் கணிக்க 1973-இல் டெமிர்ஜியன் என்ற ஆய்வாளர் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. வளர்ந்தவர்களுக்கு, வயது ஏற ஏறப் பல்லுக்குள் கூழ் சுருங்குவதை அளந்து மதிப்பிடுகிறார்கள். ‘சுமார் 50’ என்று கண்ணால் சொல்வதைவிட இது மேல். காணாமல் போனோர் பட்டியலில் தேட வேண்டிய பெயர்களும் குறையும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத சடலங்களுக்கும் தனித்தனி அட்டவணை வைக்க வகை செய்த டி.என்.ஏ. மசோதா 2019-இல் மக்களவையில் அறிமுகமாகி, 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. பல் படங்களுக்கு அந்த அளவுக்குக்கூட ஏற்பாடு வரவில்லை.

தொகுப்பு வேண்டும் என்பதற்காக ஊரில் உள்ள எல்லா நோயாளிகளின் படங்களையும் போலீசிடம் கொடுத்துவிட முடியாது, கொடுக்கவும் கூடாது. பல்வலிக்கு எடுத்த படம் அந்த வேலைக்குத் தரப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் சம்மதமும் நோக்கமும்தான். படங்கள் மருத்துவமனையிலேயே இருக்கட்டும். சடலத்தின் எண்வரிசை மட்டும் அங்கே போய்த் தேடிவிட்டு வரட்டும். இந்த ஏற்பாடு தொழில்நுட்ப ரீதியாக இன்றே சாத்தியம்.

இப்போதே செய்யக்கூடியவை

பிணவறைப் பக்கம்:

1. அடையாளம் தெரியாத ஒவ்வொரு உடலுக்கும், அடக்கத்துக்கு முன் பல் விவரக் குறிப்பும், வாய்க்குள் எடுத்த எக்ஸ்ரேக்களும், உதட்டை விலக்கி எடுத்த முன்பல் புகைப்படமும் வழக்கு எண்ணோடு சேரட்டும். செலவு அதிகமில்லை.

2. எரிக்காமல் புதைத்து, குழிக்கு எண் இடுவது. பின்னால் பெயர் கிடைத்தால் திரும்பிப் பார்க்க அதுதான் வழி.

காணாமல் போனவரின் வீட்டார் பக்கம்:

1. புகார் கொடுக்கும்போது பாஸ்போர்ட் சைஸ் படத்தோடு நிற்காமல், பல் தெரியச் சிரிக்கும் படங்களின் மூலக்கோப்பையும் கொடுங்கள்.

2. அவர் எந்தப் பல் மருத்துவரிடம், எந்த ஆண்டு போனார் என்று எழுதிக் கொடுங்கள். பழைய எக்ஸ்ரே, பல்செட், கிளிப் போட்டபோது எடுத்த மாவு அச்சு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

3. பிடுங்கிய பல், கேப் போட்ட பல், உடைந்த பல் எந்தப் பக்கம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து நினைவுபடுத்திச் சொல்லுங்கள். உறுதி இல்லாததை உறுதியாகச் சொல்ல வேண்டாம். தவறான ஒரு விவரம் சரியான ஆளையே தள்ளிவிடும்.

4. போனவர் திரும்பி வந்துவிட்டால் அதையும் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் பெயர் பட்டியலிலேயே தங்கி, வேறொருவருக்காக நடக்கும் ஒவ்வொரு தேடலிலும் குறுக்கே வந்துகொண்டிருக்கும்.